சென்னையில் வாடகை வீடு: 'தெரிஞ்சவங்க' இல்லாதவர்களுக்குச் சட்டம் எவ்வளவு துணை?

சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று, வேலைக்கான ஆர்டர். மற்றொன்று, "இறங்கினதும் இவருக்கு ஒரு போன் போடு" என்று வீட்டில் சொல்லி அனுப்பிய ஒரு நம்பர். அது அத்தை மகனாக இருக்கலாம், பக்கத்துத் தெரு அண்ணனாக இருக்கலாம், அப்பாவின் பழைய சிநேகிதராக இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் மாதத்தில் அவர் செய்யும் உதவி பெரியது. பத்து நாள் தன் அறையில் படுக்க இடம் தருவார். எந்த ஏரியாவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்தப் புரோக்கரை நம்பலாம் என்று சொல்வார். ஹவுஸ் ஓனரிடம், "நம்ம பையன்தான் சார், நான் பொறுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தையில்தான் பல பேருக்கு வீடு கிடைக்கிறது.

அப்படி ஒரு நம்பர் இல்லாதவர்கள் கூடுதலாக அலைகிறார்கள், கூடுதலாகப் பணம் கட்டுகிறார்கள், பல நேரம் காரணமே சொல்லப்படாமல் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். யாரையும் தெரியாதவருக்கும் ஒரு நகரம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த 'தெரிஞ்சவர்' செய்யும் வேலையைச் சட்டம்தான் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான ஒரு சட்டம் 2019 முதல் அமலில் இருக்கிறது. அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது, ஊரிலிருந்து கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் அவசியம்.

முதல் மாதம் எங்கே தங்குவது?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு 'திருவல்லிக்கேணி மேன்ஷன்' என்று ஒரே பதில்தான் இருந்தது. மாத வாடகைக்கு ஒரு கட்டில், கீழே மெஸ், நடக்கும் தூரத்தில் மெரினா. தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த பல தலைமுறை ஆண்களின் முதல் சென்னை முகவரி அதுதான். இன்று வேலைகள் ஓஎம்ஆர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர் என்று பரவிவிட்டன. அதனால் பிஜி, ஹாஸ்டல், 'ஷேரிங் ரூம்' ஆகியவையும் நகரத்தின் எல்லாப் பக்கமும் பரவியிருக்கின்றன.

நகரம் எங்கே தொடங்குகிறது என்பதும் மாறிவிட்டது. 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பேருந்துகளில் வருகிறவர்கள் நகரின் தெற்கு விளிம்பிலேயே இறங்குகிறார்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, தாம்பரம் பக்கம் வீடு தேடுவோர் கணக்குப் போட வேண்டியது வாடகையை மட்டும் அல்ல. மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால், சீசன் டிக்கெட்டில் மாதம் முழுக்கப் போய்வரலாம். ரயிலும் பஸ்ஸும் எட்டாத இடத்தில் ரூ.2,000 குறைவாக வீடு கிடைத்தால், அந்த மிச்சம் பெட்ரோலுக்கும் ஷேர் ஆட்டோவுக்குமே போய்விடும்.

பெண்கள் ஹாஸ்டல் தேடும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும்: உரிமம் இருக்கிறதா? பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. அதன்படி இத்தகைய விடுதிகள் அரசிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். "லைசென்ஸ் காப்பி காட்டுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. தமிழ்நாடு அரசே பணிபுரியும் பெண்களுக்காக 'தோழி' என்ற பெயரில் விடுதிகளை நடத்துகிறது. சென்னைப் புறநகரிலும் வேறு சில மாவட்டங்களிலும் இவை உள்ளன. தனியார் ஹாஸ்டலில் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அங்கே இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

பத்து மாத அட்வான்ஸ்: இந்தப் பழக்கம் ஏன்?

ஹாஸ்டலிலிருந்து தனி வீட்டுக்கு மாறும்போதுதான் உண்மையான சுமை தெரியும். மாத வாடகை ரூ.12,000 உள்ள ஒரு சிங்கிள் பெட்ரூம் வீட்டை எடுத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் ரூ.1,20,000. முதல் மாத வாடகை ரூ.12,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, அது இன்னொரு ரூ.12,000. சாமான் ஏற்றிவரும் செலவைச் சேர்க்காமலே ரூ.1,44,000. மாதம் ரூ.25,000 சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே இந்தத் தொகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அம்மாவின் நகை அடகுக்குப் போவதும், மூன்று வட்டிக்குக் கடன் வாங்குவதும் இந்த இடத்தில்தான்.

இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாத அட்வான்ஸுக்கு ஒத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் பத்து மாதப் பேச்சு இன்னும் போகவில்லை. பேராசைதான் காரணம் என்று எல்லா உரிமையாளர்களையும் சொல்லிவிட முடியாது. வாடகையை நம்பி வாழும் ஓய்வூதியர்களும், கடன் வாங்கி மாடி கட்டியவர்களும் அவர்களில் நிறைய பேர். அவர்களுடைய பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருந்த காலத்தில், வாடகை தராத ஒருவரைக் காலி செய்யவைக்க வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். வழக்கு நடக்கும் காலத்துக்கும் சேர்த்து உரிமையாளர் கையில் வைத்துக்கொண்ட காப்புத் தொகைதான் பத்து மாத அட்வான்ஸ்.

அந்தப் பழைய சட்டம் இன்று இல்லை. 2017-ல் நிறைவேற்றப்பட்ட, 'நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம்' 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. பழைய சட்டம் விலக்கப்பட்டது. வாடகை இவ்வளவுதான் என்று அரசு நிர்ணயிக்கும் முறை போனது. இரு தரப்பும் பேசி எழுதிக்கொண்டதே வாடகை என்றானது. வாடகைப் பாக்கி வைத்தால் காலி செய்யக் கோரும் வழியும் எளிதாக்கப்பட்டது. உரிமையாளருக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பழைய பயத்துக்காக வாங்கிய அட்வான்ஸ் மட்டும் அப்படியே தொடர்கிறது.

சட்டம் என்னதான் சொல்கிறது?

புதிதாக வீடு பார்ப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான அம்சங்கள் இவை:

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வாய்ப்பேச்சு செல்லாது. '11 மாத அக்ரிமென்ட்' என்ற பழக்கம் 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் 11 மாதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். புதிய சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. எத்தனை மாதத்துக்கு என்றாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். இதற்கென அரசின் தனி இணையதளம் இருக்கிறது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால், 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று சட்டமே ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

பெயிண்ட் யார் செலவு? சென்னையில் வீட்டைக் காலி செய்யும்போது 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். சட்டத்தின் பராமரிப்பு அட்டவணையோ, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச் போன்ற சில்லறை ரிப்பேர்கள் வாடகைதாரர் பொறுப்பு.

தண்ணீர், கரன்ட்டை நிறுத்தக் கூடாது. வாடகை விஷயத்தில் தகராறு என்றாலும் மோட்டார் சுவிட்சை அணைத்துவைப்பதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் சட்டப்படி தவறு. வாடகை அதிகாரியிடம் புகார் தந்தால், இணைப்பை உடனே திருப்பித் தரும்படி அவர் உத்தரவிட முடியும்.

வாடகை அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றமும், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. இத்தனையும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் "பதிவு பண்ணலாமா சார்?" என்று கேட்டதுமே, "அதெல்லாம் நமக்கு வேண்டாம்ப்பா, வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று பதில் வந்தால் புதிதாக வந்தவரால் என்ன செய்ய முடியும்? வீடு வேண்டும் என்பதற்காக அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். பின்னால் அட்வான்ஸ் திரும்பி வராதபோது, காட்டுவதற்குக் கையில் பதிவு எண் இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன்

தெரிந்தவர் இருந்தால் சொல்லித் தரும் விஷயங்கள் சில உண்டு. அவை இல்லாதவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தண்ணீர்: 'மெட்ரோ வாட்டர் வருமா, போர் தண்ணியா, லாரியா?' என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றியபோது, போரும் இல்லாத குடியிருப்புகளில் இருந்தவர்கள் லாரிக்குக் காத்துக்கிடந்தார்கள். லாரித் தண்ணீர் செலவு மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா என்பதையும் எழுதி வாங்குவது நல்லது.

வெள்ளம்: கோடையில் வீடு பார்ப்பவருக்கு இது தெரியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பல தெருக்களில் தரைத்தளம் மூழ்கியது. "மிக்ஜாம் அப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று புரோக்கரிடம் கேட்பதைவிட, தெருமுனை டீக்கடையிலோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அவர்களுக்கு அந்த வீட்டால் கமிஷன் எதுவும் இல்லை.

கரன்ட்: மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் பல வீடுகளில் சப்-மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட்டில் வசூலிக்கிறார்கள். தனி இணைப்பு இருக்கிறதா, கார்டு நம்பர் எது என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

லீஸ்: 'வாடகை இல்லை, மொத்தமா அஞ்சு லட்சம் கொடுங்க, போகும்போது வாங்கிக்கோங்க' என்பது கேட்க நன்றாக இருக்கும். கொடுப்பவர் உண்மையான உரிமையாளர்தானா, வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுத்தால் ஆபத்து. உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுவிட்டுப் பணத்தோடு மறையும் இடைத்தரகர்கள் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

டோக்கன் மோசடி: ஆன்லைனில் மிக அழகான வீடு, மிகக் குறைந்த வாடகை. 'நான் ராணுவ அதிகாரி, வெளியூரில் டியூட்டியில் இருக்கிறேன், டோக்கன் அனுப்பினால் சாவி வரும்' என்று பேச்சு. நாடு முழுக்க நடக்கும் பழைய ஏமாற்று இது. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பெயரைக் கேட்டதும் மாறும் பதில்

பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்விகள் பழகியிருக்கும்: "ஃபேமிலியா, பேச்சிலரா?" "நான்-வெஜ் சமைப்பீங்களா?" "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" கடைசிக் கேள்வி ஊரைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுவதில்லை. சாதியை நேரடியாகக் கேட்க முடியாதவர்கள் தெருப் பெயரைக் கேட்கிறார்கள். பெயரைச் சொன்னதும் மதம் தெரிந்துவிட்டால், காலையில் காலியாக இருந்த வீடு மதியம் 'அட்வான்ஸ் வாங்கியாச்சு' ஆகிவிடுகிறது. 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற போர்டு சமையலறையைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், அது யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இது சென்னைக்கு மட்டும் உரியதல்ல. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வும், வீடு கேட்பவரின் சாதி, மதத்தைப் பொறுத்துப் பதில் மாறுவதைக் காட்டியது. தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டார்கள், அல்லது கூடுதல் நிபந்தனைகளோடு வீடு தரப்பட்டார்கள்.

பேச்சிலர்கள் மேலும், வடமாநிலத் தொழிலாளர்கள் மேலும் இருக்கும் சந்தேகத்துக்கு இன்னொரு பின்னணி உண்டு. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளைச் சந்தேகநபர்கள் ஐந்து பேர் வேளச்சேரியில் தங்கியிருந்த வாடகை வீட்டில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, வாடகைதாரர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தரும்படி உரிமையாளர்களுக்கு உத்தரவிடப்பட்டது. பாதுகாப்புக்காக விவரம் கேட்பதில் தவறில்லை. ஆனால் 'வடக்கத்திக்காரனா, வேண்டாம்' என்ற பேச்சுக்கு அது ஒரு சாக்காக மாறிவிடக் கூடாது. கட்டுமானத் தொழிலாளர்கள் எட்டு, பத்து பேர் ஒரே அறையில் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தங்குவதற்கு, வேறு யாரும் அவர்களுக்கு வீடு தராததும் ஒரு காரணம்.

இப்படி மறுப்பது சட்டப்படி குற்றமா? பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தீண்டாமையின் பெயரால் ஒருவரைக் குடியிருப்பில் வசிக்க விடாமல் தடுப்பது 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் "ஏற்கெனவே ஆள் வந்தாச்சு" என்று சொல்பவரின் மனதில் இருந்ததை நிரூபிப்பது கடினம். மத அடிப்படையில் தனியார் உரிமையாளர் மறுப்பதைத் தடுக்கும் தெளிவான சட்டம் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று விதி வைத்திருந்த ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அந்த விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது.

அதே நேரம், நாடாளுமன்றம் வேறு இரண்டு சட்டங்களில் இந்தப் பிரச்சினையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி.-எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அந்தத் தொற்றைக் காரணம் காட்டி வீடு வாடகைக்குத் தர மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. 2019-ம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், வாடகைக்கு வீடு எடுக்கும் உரிமையை அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்கிறது. இவை எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கின்றன என்பது வேறு கேள்வி. ஆனால், 'தனியார் வீட்டு விஷயத்தில் சட்டம் எப்படித் தலையிட முடியும்?' என்ற வாதத்துக்கு இவையே பதில். ஏற்கெனவே தலையிட்டிருக்கிறது.

தொழிற்சாலைப் பெண்களின் வீடு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வரும் இளம்பெண்களுக்கு வீடு தேடும் வேலை இல்லை. தங்குமிடத்தைத் தொழிற்சாலையோ ஒப்பந்தக்காரரோ ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அது எப்படிப்பட்ட இடம் என்பது 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. விடுதி உணவு விஷமாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சாப்பாட்டில் தொடங்கிய கோபம், நெரிசலான அறைகளையும் போதாத கழிப்பறைகளையும் பற்றிய பேச்சாக வளர்ந்தது.

அதன்பிறகு நிலைமை ஓரளவு மாறியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய பிரமாண்டமான குடியிருப்பை சிப்காட் திறந்தது. தொழில் கொண்டுவரும் அரசு, தொழிலாளிக்குத் தங்குமிடமும் தர வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட நல்ல தொடக்கம் இது. இருந்தாலும், வேலையோடு கட்டப்பட்ட தங்குமிடத்தில் ஒரு சிக்கல் உண்டு. வேலை போனால் அன்றைக்கே படுக்க இடமும் போகிறது. ஷிப்ட், பஸ், விடுதி என்று ஒரே வட்டத்தில் சுற்றுகிறவருக்கு, மூன்று வருடம் கழித்தும் அந்த ஊரில் தெரிந்தவர் என்று யாரும் இருப்பதில்லை.

வீடு கிடைத்தபின்?

சாவி கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஊரில் நான்கு பேருக்கு நம்மைத் தெரிய வேண்டும் என்பது. அரசாங்கத்துக்குத் தெரிவதும் அதில் ஒன்று. இடம் மாறிய வாக்காளர்கள் படிவம் 8 மூலம் புதிய முகவரிக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஓட்டு என்பது 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் அடிப்படை. வாடகை வீடு என்பது அதற்குத் தடை இல்லை. ஓட்டு இல்லாத வாடகைதாரரின் தெருவிளக்குப் புகாரை கவுன்சிலர் எப்படிக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனிதர்களுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அலுவலக நட்பு பெரும்பாலும் அலுவலகத்தோடு நின்றுவிடும். ஒரே கடையில் தினமும் மாவு வாங்குவது, கீழ்வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவது, காலையில் ஒரே பூங்காவில் நடப்பது போன்றவைதான் மெதுவாக ஒருவரை அந்தத் தெருக்காரர் ஆக்குகின்றன. காசு செலவில்லாமல் நாள் முழுக்க உட்காரக்கூடிய இடங்களும் சென்னையில் இருக்கின்றன. 1896-ல் திறந்த எழும்பூர் கன்னிமாரா நூலகமும், 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அப்படிப்பட்டவை. போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்த எத்தனையோ பேர் அங்கேதான் முதல் சென்னை நண்பரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது, புதிதாக வந்த ஒரு பெண் ஊரைச் சுற்றிப் பார்க்கவும் வழிசெய்கிறது.

புதிதாகக் குடிவந்தவருக்கு முதல் மாதத்தில் யாராவது ஒருவர் "தண்ணி எத்தனை மணிக்கு வரும் தெரியுமா?" என்று கதவைத் தட்டிச் சொன்னால், அவருக்கு அந்த ஊர் பிடித்துப்போகும். இதை எந்தச் சட்டமும் செய்யாது. பல வருடம் முன்னால் இதே ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியது

அரசு செய்ய வேண்டியவை தனி. முதலாவது, 2017 சட்டத்தின் அட்வான்ஸ் பிரிவில் உள்ள 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்ற சொற்களை நீக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தம் போட்டால் வாங்கலாம் என்பது வரம்பே இல்லை என்பதற்குச் சமம். வீடு அவசரமாகத் தேவைப்படுகிறவர் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவார். 2021-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு அதிகபட்சம் இரண்டு மாதம் என்று நேராகவே எழுதியிருக்கிறது. ரூ.12,000 வாடகை வீட்டுக்கு மூன்று மாத வரம்பு உண்மையாகவே நடைமுறைக்கு வந்தால், மேலே சொன்ன ரூ.1,44,000 என்பது ரூ.60,000 ஆகும். நகை அடகுக்குப் போகாது.

இரண்டாவது, சாதி, மதம், பாலினம், திருமண நிலை, சொந்த மாநிலம் ஆகிய காரணங்களால் வீடு மறுப்பதைப் பாகுபாடு என்று இதே சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்க வேண்டும். நிரூபிப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் போர்டிலும் விளம்பரத்திலும் வெளிப்படையாக எழுதுவதையாவது அது நிறுத்தும்.

மூன்றாவது, ஒப்பந்தப் பதிவை இ-சேவை மையத்தில் பத்து நிமிட வேலையாக்கி, அந்தப் பதிவு எண் ஒன்றையே ஆதார், காஸ், வாக்காளர் முகவரி மாற்றம் எல்லாவற்றுக்கும் போதுமான சான்றாக ஏற்க வேண்டும். பதிவு செய்வதால் உடனடி லாபம் இருந்தால்தான் வாடகைதாரர் துணிந்து கேட்பார். பதிவு இருந்தால் காலி செய்யவைப்பதும் சுலபம் என்பதை உரிமையாளர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை ஆலைகள், எத்தனை வேலைகள் என்றுதான் கணக்கு வருகிறது. அந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அன்றிரவு எங்கேயோ தலைசாய்க்க வேண்டியிருக்கிறது. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவரும் நியாயமான அட்வான்ஸில், சொந்தப் பெயரைச் சொல்லி, கௌரவமாக வீடு எடுக்க முடிகிற நாளில்தான் அந்தக் கணக்கு முழுமையாகும்.